இடம் மாறிய இரட்டைக்கொம்பு

கோப்பெங் இடுகாட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேவானை அக்கா தோளில் கிடந்த துவாலையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துக் கல்லைத் துடைத்தார். கறுப்புக் கல். அதில் அவர் கணவரின் படம், படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள். ஈரம் பட்டதும் எழுத்துகள் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தன.

துடைத்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாது. நீ செஞ்ச கல்லு. நீயே ஒரு தடவ சத்தமா படி கலா. அவரும் கேக்கட்டும்."

நான் படிக்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவின் தங்கை மகன் முருகன் சற்றுத் தள்ளி, காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கல்லில் இருந்தது அவர் கணவரின் பெயர் இல்லை. அது எனக்கு ஏழு வாரமாகத் தெரியும்.

வாசகர்கள் கேட்டது

கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தேன், நாற்பத்து நான்கு வயதில் வடிவமைப்பாளர் ஆனேன் என்று இந்தத் தொடரில் ஒரு வாரம் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர் எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரிக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லாமல் சொன்னால் அது யாருக்கும் உதவாது.

மென்பொருள்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரம் போல் ஆகிவிடும். எங்கள் வீட்டில் அவற்றுக்கு வைத்திருந்த பெயரிலேயே சொல்கிறேன். பெரியது, இலவசம், சுலபம்.

பெரியது என்றால் மாதாமாதம் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. வேலை விளம்பரங்களில் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள். இலவசம் என்றால் யாரோ பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள் என்று இணையத்தில் வைத்திருப்பது. சுலபம் என்றால் எல்லாம் தயாராக இருக்கும். பூவும் சட்டமும் வண்ணமும் அதுவே தரும், நாம் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

குறை பார்க்கும் வேலை

தொழிற்சாலையில் என் வேலை குறை பார்ப்பது. பத்தொன்பது வருஷம். கையுறையில் காற்று நிரப்பி, விளக்குக்கு முன்னால் பிடித்து, ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் நீர் வரும். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தாலும் சட்டைப் பித்தானைக்கூட அப்படித்தான் பார்ப்பேன்.

தொற்றுக் காலத்தில் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடின. பிறகு திடீரென்று உலகத்துக்கு அவ்வளவு கையுறை தேவைப்படவில்லை. வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் வரிசை நின்ற அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதில் யாருமே சிரிக்கவில்லை.

என் அப்பா கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மரத்தைச் சுற்றி வந்து, வெட்டு ஆழமாகப் போய்விட்டதா என்று பார்ப்பார். ஆழமாகப் போயிருந்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அந்தத் தோட்டம் பிறகு செம்பனை ஆனது. அதற்கும் பிறகு வீட்டுமனை ஆனது. எங்கள் லயத்து வீடு இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒழுகுகிற கூரையை நினைத்து ஏங்க என்ன இருக்கிறது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குறை பார்க்கிற கண்ணோடு வளர்ந்தவள் நான். அந்தக் கண்ணில்தான் அது படாமல் போனது.

செவ்வாய், வியாழன், சனி

என் கணவர் மணியம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மதியம் ஈப்போவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, நான் வெளியே காத்திருப்பேன். நான்கு மணி நேரம்.

அங்கே நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சி. மருந்து வாடையும் யாரோ வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்று வாடையும் கலந்து வரும். காத்திருக்கிற எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவோம். ஆனால் அதிகம் பேச மாட்டோம். எல்லோருடைய கதையும் ஒன்றுதான்.

அந்த நாற்காலியில்தான் நான் வடிவமைப்பு படித்தேன். மகள் படிப்பு முடித்து விட்டுப்போன பழைய மடிக்கணினி. முழங்கால் சுடும்.

முதலில் பெரியதை ஒரு மாதச் சோதனைக்குப் போட்டேன். திறப்பதற்குள் மடிக்கணினி மூச்சு வாங்கும். விசிறிச் சத்தம் கேட்டு, எதிரே இருந்த சீனக் கிழவர் ஒருநாள் நாற்காலியை மாற்றிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். இடதுபக்கம் ஒரு வரிசைக் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒளிந்துகொண்டு இன்னும் நாலு. தமிழ் அடித்தால் எழுத்துகள் சிதறின. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நான் கற்றுக்கொள்ளாததால் அப்படி வருகிறது என்று நினைத்து, அதன்மேல் கோபப்படாமல் என்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சுலபம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. பத்து நிமிஷத்தில் ஒரு பிறந்தநாள் அட்டை. ஆனால் ஓர் இறப்பு அறிவிப்பு செய்து பார்க்கலாம் என்று தமிழ் என்று தேடினால் பொங்கல் பானையும் கரும்பும் வந்தன. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் மூலையில் ஒரு கரும்பு மட்டும் போகமாட்டேன் என்று நின்றது.

இலவசம்தான் கடைசி. பார்க்க அழகில்லை. பொத்தான்களுக்கு விநோதமான பெயர். நான் திரையில் பார்க்கும் சிவப்பு அச்சில் பழுப்பாக வரும். ஆனால் தமிழ் அடித்தால் தமிழ் வந்தது. அப்படியே, ஒழுங்காக, பள்ளிக்கூடப் பலகையில் எழுதியதுபோல.

தௌக்கே கடை

எனக்கு வேலை கொடுத்தவர் லியோங். ஈப்போ பழைய நகரில் சின்ன அச்சுக்கடை வைத்திருப்பவர். பேனர், பெயர்ப்பலகை, முத்திரை, கல்லறைக் கல். எல்லோரும் தௌக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள், நானும். அவரிடம் இருந்த தமிழ் வடிவமைப்பாளர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். தமிழ் வேலைகள் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

மூன்று மாதம் பார்ப்போம் என்றார். எந்த மென்பொருள் சரியாக வருமோ நீயே தேர்ந்தெடு, மூன்று மாதம் முடியும்போது சொல், கடைக்கு அதைப் போட்டுவிடலாம் என்றார். டயாலிசிஸ் நாட்களில் பதினொரு மணிக்குக் கிளம்பவும் விட்டார். அப்படி ஒரு முதலாளி கிடைப்பது பெரிய விஷயம். அதனாலேயே பயமாகவும் இருந்தது.

இரண்டாவது மாதம் தேவானை அக்கா வந்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தோல், சின்னக் கண்கள். தௌக்கே அவரைப் பார்த்ததும் கான்டனீஸில் பேசத் தொடங்கினார். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எனக்கு சீனம் வராது தௌக்கே. தமிழ்தான்" என்றார்.

தௌக்கேவுக்குக் கொஞ்சம் தமிழ் புரியும். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

தோட்டங்களில் இப்படிச் சிலர் உண்டு. வளர்க்க முடியாத சீனக் குடும்பம் பெண் குழந்தையைத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். அக்காவும் அப்படி வந்தவர். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஒன்பது வயதிலேயே மரத்தடியில் ரப்பர்ப் பால் கோப்பை கழுவப் போய்விட்டார். அவருக்கு வாய்த்த கணவர் பெயர் வேலாயுதம். தோட்டம் மூடியபின் கோப்பெங்கில் ஒரு பள்ளிக்கூடத்துக் காவலாளியாக இருந்து, தூக்கத்திலேயே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை.

கல்லில் பெயர் தமிழில் வேண்டும் என்றார் அக்கா. அது ஒன்றுதான் கேட்டார். இங்கிலீஷ் வேண்டாம், மலாய் வேண்டாம்.

அன்று வியாழக்கிழமை. பழைய வடிவமைப்பாளர் விட்டுப்போன சட்டம் ஒன்று இருந்தது; அதில் 'தோற்றம்', 'மறைவு' என்ற சொற்கள் படமாகவே இருந்தன. நான் என் மடிக்கணினியில், இலவசத்தில், பெயரை மட்டும் அடித்தேன். வேலாயுதம். மூன்று தடவை பார்த்தேன். சரியாக இருந்தது. கடைக் கணினிக்கு அந்தக் கோப்பை அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் செய்யாமல் விட்டது ஒரே ஒரு காரியம். எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். மாற்றிவிட்டால் அது வெறும் படம். எந்தக் கணினியில் திறந்தாலும் அசையாது. கடையில் அதற்குக் 'கர்வ் பண்றது' என்று பெயர். அன்று எனக்கு அந்த வார்த்தையே தெரியாது.

செதுக்குகிற இயந்திரத்தோடு இருந்த கணினியில் பெரியதின் பழைய பதிப்பு ஒன்று இருந்தது. அதில் கோப்பைத் திறந்தவர் அஸ்மான். நல்ல மனுஷர், கை சுத்தம். தமிழ் தெரியாது. அவர் திரையில் வந்ததை அப்படியே கல்லில் இறக்கினார். தாளில் சுற்றி வைத்தார். மறுநாள் முருகன் வந்து வாங்கிப் போய்விட்டான்.

கைப்பேசியில் வந்த படம்

சனிக்கிழமை, அதே நீல நாற்காலியில் இருந்தபோது முருகனின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கல்லைப் பதித்து, பூ வைத்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூடவே அவர் குரல். ரொம்ப அழகாக இருக்கிறது, பார்த்தவர்கள் எல்லாம் யார் செய்தது என்று கேட்கிறார்கள், நீ நல்லா இருக்கணும் தங்கச்சி என்று சொன்னார்.

படத்தைப் பெரிதாக்கினேன். முதலில் கண்ணில் பட்டது 'யு' தான். அதன் சுழி கொஞ்சம் விலகி நின்றது. பிறகு முன்னால் பார்த்தேன்.

வலோயுதம்.

'வ'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு ஓர் எழுத்து தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றிருந்தது. 'வே' போய் வெறும் 'வ' ஆகிவிட்டது. 'லா' இருந்த இடத்தில் 'லோ' வந்துவிட்டது. முழுதாகச் சிதறியிருந்தால் அஸ்மானுக்கே சந்தேகம் வந்திருக்கும். இது ஒரு பெயர் மாதிரியே இருந்தது. அப்படி ஒரு மனிதர் எங்கோ இருந்ததுபோல.

அக்காவின் குரலை மறுபடி கேட்டேன். பிறகு கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, நேரம் முடியும்வரை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும்போது மணியத்திடம் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்தால் அவர் காரில் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"விட்டுருலா கலா. அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவன் எவன் இடுகாட்டுல நின்னு எழுத்துக் கூட்டப் போறான்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதர். நானும் களைத்துப்போயிருந்தேன். மூன்று மாத சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. இந்த வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? பதினொரு மணிக்கு யார் போக விடுவார்கள்?

விட்டுவிட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம். தௌக்கேவிடம் சொல்லவில்லை. சோதனைக் காலத்தை இன்னொரு மாதம் நீட்டிக்கொள்ளலாம், மென்பொருளை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நானே சொன்னேன். அவர் சரி என்றார். அதற்குள் கர்வ் பண்ணக் கற்றுக்கொண்டேன். பெரியதின் அமைப்புகளில் ஆழத்தில் ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் திருப்பினால் அதிலும் தமிழ் ஒழுங்காக வரும் என்பதையும் கண்டுபிடித்தேன். எல்லாம் தெரிந்தபின் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குற்றம் மென்பொருளில் இல்லை என்பது இன்னும் தெளிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் அக்கா மறுபடி கடைக்கு வந்தார். முதலாம் ஆண்டு நினைவுக்கு அட்டை அடிக்க வேண்டும். நூறு பேருக்குக் கொடுக்க வேண்டும். அட்டையில் அந்தக் கல்லின் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும்.

கல்லை நேரில் பார்க்க வேண்டும் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

படித்தேன்

அப்படித்தான் அந்த வெயிலில் போய் நின்றேன். சொல்லிவிடுவேன் என்று வந்தவளால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர்தான் படி என்றார்.

"வலோயுதம்" என்று படித்தேன்.

அக்கா நான் தவறிப் படித்துவிட்டேன் என்று நினைத்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. "என்னா படிக்கிற? வேலாயுதம்லா."

"கல்லுல அப்படித்தான்கா இருக்கு. நான் அனுப்புனப்ப சரியா இருந்துச்சு. மிஷின் கணினில ஒரு எழுத்து இடம் மாறிப்போச்சு. எம்மேலதான் தப்பு."

எந்த எழுத்து என்று கேட்டார். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். கல் சுட்டிருக்க வேண்டும். ஆனால் விரலை எடுக்கவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"படம் அனுப்புன அன்னிக்கே."

அவர் கணக்குப் போடவில்லை. யோசிக்கக்கூட இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே சொல்லாம இருந்த" என்றார்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வேலை பயம், வீட்டு நிலைமை, மணியத்தின் உடம்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதையெல்லாம் இல்லை.

"ஆமாக்கா" என்றேன்.

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, ஏழு வாரமாக இங்கே வந்து பேசிக்கொண்டிருக்கிறேன், பூ வைக்கிறேன், யாரோ ஒருத்தன் பெயருக்குக் கீழே உட்கார்ந்து அழுதிருக்கிறேன் என்று சொன்னார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

காரில் ஏறியதும் முருகனிடம், இவளைக் கோப்பெங் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடு என்றார். வரும்போது ஈப்போவிலிருந்து என்னை அவர்கள்தான் கூட்டிவந்திருந்தார்கள். இறங்கும்போது வாரேன் அக்கா என்றேன். அவர் கதவை இழுத்துச் சாத்தினார். பஸ் வர நேரமானது. உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தேன்.

மூன்று தாள்கள்

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் தௌக்கேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புரிவதற்காகப் பெரியதின் பழைய பதிப்பிலும், இலவசத்திலும், சுலபத்திலும் அதே பெயரை அடித்து, மூன்று தாளில் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் படம் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சரியாக அந்தக் கொம்பின்மேல் விரலை வைத்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மலாயில் மெதுவாகத்தான் பேசினார். இந்தக் கடையில் எனக்கும் தெரியாது, அஸ்மானுக்கும் தெரியாது, உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த ஆள் வாயை மூடிக்கொண்டால் நாம் மூன்று பேருமே குருடர்கள்தான் என்றார். கல்லைக் கடை புதிதாகச் செய்து தரும். இனிமேல் தமிழ் எழுத்து இயந்திரத்துக்குப் போகும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். நீ இல்லாத நாளில் இயந்திரம் தமிழை வெட்டாது.

பிறகு, எந்த மென்பொருள் என்று கேட்டார். மறந்தே போயிருந்தேன். இலவசம் என்றேன். சிவப்பு பழுப்பாக வருமே என்றார். வண்ணத்தைக் கடைக் கணினியில் சரி செய்துகொள்ளலாம், எழுத்து முதலில் சரியாக வரட்டும் என்றேன்.

கேட்டவர்களுக்கு என் பதிலும் அதுதான். எதை வேண்டுமானாலும் எடுங்கள். எடுப்பதற்கு முன் உங்கள் மொழியில், உங்கள் வீட்டு மனிதர்களின் பெயர்களை அதில் அடித்துப் பாருங்கள். அடித்த கணினியில் பார்ப்பது போதாது. அச்சாகிற கணினியிலும் போய்ப் பாருங்கள்.

தேவானை அக்கா வந்தார்

அழைத்துப் பார்த்தேன். அக்கா எடுக்கவில்லை. கடை புதுக் கல் செய்து தரும் என்று முருகனுக்குச் செய்தி அனுப்பினேன். நாலு நாள் கழித்து அவரே வந்தார், முருகனோடு. என்னிடம் பேசவில்லை. புதுக் கல்லில் என்ன வரப்போகிறதோ அதைத் தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்று தௌக்கேவிடம் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை எங்கெல்லாம் கொண்டுபோனார் என்பது முருகன் பிறகு சொல்லித் தெரிந்தது. முதலில் கோயில் பூசாரி. அடுத்து, பக்கத்து வீட்டில் தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பெண். மூன்றாவது, அவர் தினமும் தேநீர் வாங்குகிற கடையின் தமிழ் முஸ்லிம் முதலாளி, நானா. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர். யாரிடமும் என்ன பெயர் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. தாளை மட்டும் நீட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் வந்து தாளை என் மேசைமேல் வைத்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.

"மூணு பேரும் ஒரே மாதிரி படிச்சாங்க. வெட்டச் சொல்லு."

இடுகாட்டுக்குப் பிறகு என்னிடம் அவராகப் பேசிய முதல் வார்த்தை அது. கண்ணைப் பார்க்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இயந்திரப் பக்கம் போகப் பார்த்தேன். இரு என்றார்.

"இதுலயே என் பேரையும் போடணும். அவரு பேருக்குப் பக்கத்துல."

எனக்குப் புரியவில்லை. இப்போது எதற்கு என்று கேட்டேன்.

"நான் செத்த பொறவு நீங்க என்னா எழுதினாலும் யாரு பாக்கப் போறா? முருகனுக்கும் தமிழ் படிக்க வராது. பொறந்தப்ப எனக்கு என்னா பேரு வெச்சாங்கன்னே தெரியாது. அது போச்சு. இதையாவது நான் இருக்கும்போதே பாத்துக்கறேன்."

தௌக்கே கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடுவதுபோல் இருந்தார்.

அடித்தேன். கோடுகளாக மாற்றினேன். தாளில் எடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு மறுபடியும் போனார்.

இந்த முறை சீக்கிரமே திரும்பினார். முகத்தில் குழப்பம். பூசாரியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் 'தேவானை' என்று படித்திருக்கிறார்கள். நானாவும் அப்படித்தான் படித்திருக்கிறார். ஆனால் படித்துவிட்டு, இது தப்பு, 'தெய்வானை' என்றுதான் எழுத வேண்டும், அதுதான் முருகப்பெருமான் பெண்சாதி பெயர் என்று சொல்லியிருக்கிறார்.

நானா சொல்வதும் சரிதான் அக்கா, ரெண்டும் வழக்கத்தில் இருக்கிறது என்றேன். ஐசி அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். ரோமன் எழுத்தில் இருந்ததை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். அதிகாரி யாரோ காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்.

இரண்டையும் அடித்து, பெரிய எழுத்தில் எடுத்து, அவர் முன்னால் வைத்தேன். எது எது என்று விரல் வைத்துச் சொன்னேன். அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். இயந்திரம் வேறு எதையோ செதுக்கிக்கொண்டிருந்தது. அஸ்மான் அதை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

"இதை நீ ஒரு தடவ படி" என்று ஒரு தாளைத் தொட்டார்.

"தெய்வானை" என்றேன்.

"இதை?"

"தேவானை."

தலையை ஆட்டினார். "நாப்பது வருஷம் அவரு கூப்பிட்டது இதான். நானா சொல்றது சாமி பேரா இருக்கட்டும். எனக்கு இது போதும்."

அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். இயந்திரத்தின் பக்கத்தில் அவரும் வந்து நின்றார். கல் வெட்டி முடியும்வரை இரண்டு பேரும் உட்காரவே இல்லை. வேலாயுதம். பக்கத்தில் தேவானை. அக்காவின் பெயருக்குக் கீழே 'மறைவு' என்ற சொல்லுக்கு அடியில் இடம் வெறுமையாக இருந்தது. அக்கா அதைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார்.

"தேதி போட இடம் போதும்ல?"

போதும் அக்கா என்றேன்.